அத்தை கழுவிய கறுப்புக் கார்

கறுப்பு மட்டும் வேண்டாம் என்று மகளிடம் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. இப்போது எங்கள் பண்டாரவளை வீட்டு முற்றத்தில் அது நிற்கிறது. என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நிற்கலாம். வெள்ளைக் கார் ஒரு வாரத்து அழுக்கை வயிற்றுக்குள் அடக்கி வைத்துக்கொள்ளும். கறுப்புக் காரின் மேல் பூனை நடந்து போனால்கூட அது ஊருக்கே சொல்லிவிடும்.

மகள் அதற்கென்று தனிச் சோப்பும் பஞ்சுபோன்ற துணிகளும் இரண்டு வாளிகளும் வாங்கி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கைப்பேசியை மதில்மேல் சாய்த்து வைத்து, அதில் யாரோ ஒருவன் கார் கழுவுவதைப் பார்த்துப் பார்த்துத் தானும் கழுவுகிறாள். போன வாரம் எனக்குப் பாடம் எடுத்தாள். "முதல்ல தண்ணிய மட்டும் ஊத்தணுமாம்மா. மண்ணு எறங்கின பொறகுதான் துணி வைக்கணுமாம். இல்லாட்டி கோடு விழுமாம்."

அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். எனக்கு முன்பே தெரியும் என்று சொன்னால் யார் சொன்னது என்று கேட்பாள். ஒரு வரியில் அடங்குகிற பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் உங்களிடம் உட்கார்ந்து சொல்கிறேன்.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டத்து லொறி டிரைவர். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் கடைசிக் காம்பரா எங்கள் வீடு. அதை ஒட்டித் தகரக் கூரை ஒன்றை இறக்கி, அதற்குள் ஒரு பழைய கறுப்புக் காரை அப்பா நிறுத்தியிருந்தார். முன்பு தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் வைத்திருந்த கார். அவர் தோட்டத்தை விட்டுப் போனதும் கைமாறி அப்பாவிடம் வந்தது. ஆமை முதுகு போல வளைந்த பின்பக்கம். உள்ளே ஏறினால் பெட்ரோலும் பழைய தோலும் கலந்த வாடை. கார் திரும்பும்போது, எந்தப் பக்கம் என்று காட்ட, கதவுக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கை வெளியே நீளும். வலது பக்கக் கை நீண்டால் திரும்பி உள்ளே போகாது. அப்பா ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒரு தட்டுத் தட்டுவார். அதைப் பார்ப்பதற்காகவே, நாங்கள் எங்காவது வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வேன். அப்படிப்பட்ட கார்களை இப்போது எங்கும் காணோம்.

ஞாயிறுகளில் வாடகைக்கு ஓட்டலாம் என்பது அப்பாவின் கணக்கு. ஆனால் அந்தக் காரின் முதல் ஓட்டமே பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து இறந்துபோன கங்காணித் தாத்தாவைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்ததுதான். நிறமும் கறுப்பு. லயத்தில் அதற்குச் 'சாவுக் கார்' என்று பெயர் விழுந்துவிட்டது. பிரசவ வலி எடுத்தவளைக்கூட டவுனிலிருந்து வேறு வண்டி பிடித்துத்தான் ஏற்றிப் போனார்கள். எங்கள் கார் தகரத்தின் கீழே தூசு பிடித்துக் கிடந்தது. கோழிகள் அதன் முகப்பில் ஏறி உட்கார்ந்தன.

அந்த வருஷம் தீபாவளி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. லுணுகலையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பெரிய ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தேயிலை மலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறி நனைந்து வந்து வாசலில் நின்றாள். கையில் ஒரு துணிப்பை மட்டும்.

அம்மா துவாயைக் கொடுத்து, இஞ்சி தட்டிப் போட்டுப் பிளேன்டீ ஊற்றினாள்.

"என்னாம்மா, சண்டையா?"

"இல்ல அண்ணி."

"பின்ன?"

"சும்மா... பாத்துட்டுப் போகலாம்னுதான்."

சும்மா பார்க்க வருகிறவள் ஒரு துணிப்பையோடு மழையில் வரமாட்டாள் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அத்தையின் புருஷன், லுணுகலை மாமாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் தப்பான எண்ணம் வராது. ரோட்டோரத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். நல்ல சிரிப்பு. வரும்போதெல்லாம் எனக்கு டொபியும் அம்மாவுக்குத் தேங்காயும் கொண்டு வருவார். லயத்துப் பெரியவர்களைக் கண்டால் தோளிலிருந்து துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார்.

"மாப்ள தங்கமான மனுசன்" என்று அன்றிரவே அப்பா சொன்னார். "இவளுக்குச் சின்னதுல இருந்தே ரோசம் கூட. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும். நானே கொண்டு போய் விட்டுட்டு வாறேன்."

"கொஞ்சம் அனுசரிச்சுத்தான் போகணும்" என்றாள் அம்மா. "நான் போகலையா?"

இருவரும் அவள் மேல் உயிராக இருந்தார்கள். அந்தப் பாசத்தோடுதான் அப்படிப் பேசினார்கள். அது இன்றைக்கு யோசிக்கும்போதுதான் எனக்கு விளங்குகிறது.

அம்மா கொழுந்தெடுக்கப் போனதும் அத்தை சமைப்பாள், என் தலையை வாருவாள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் வாசலில் நிற்பாள். ஒரு நாள் கோழிகளை விரட்டிவிட்டு, ஒரு பழைய துணியால் காரின் முகப்பைத் துடைத்தாள். சாயங்காலம் அப்பா வந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

"மண்ணோட தேய்ச்சா கோடு விழாம என்னா செய்யும்? இங்க பாரு, சிலந்தி வலை மாதிரி!"

அத்தை குனிந்து, தான் போட்ட அந்த வட்ட வட்டமான கோடுகளை நெடுநேரம் பார்த்தாள். மறுநாளிலிருந்து அந்தக் கோடுகளைப் போக்குவதே அவளுடைய வேலையாகிவிட்டது.

மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வருவோம். அவளுக்குப் பெரிய குடம், எனக்குச் சின்னச் செம்பு. முதலில் காரின் கூரையிலிருந்து தண்ணீரை மட்டும் ஊற்றுவாள். செம்மண் கலங்கி வழிந்து, அதன் பிறகு வரும் நீர் தெளியும்வரை துணியைத் தொடமாட்டாள். பிறகு அப்பா உடுத்திக் கிழிந்த சாரத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மேலிருந்து கீழே வருவாள். டயருக்குத் தனித் துணி. அந்தத் துணி தவறிப்போய்க் கதவில் பட்டால் தலையில் கை வைத்துக்கொள்வாள். வெயில் வருவதற்குள் துடைத்துவிட வேண்டும். நீர்ச்சொட்டு அப்படியே காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும். கண்ணாடிக்குப் பழைய பேப்பர். பம்பருக்குப் பற்பொடி. ரப்பருக்கு ஒரு விரல் தேங்காயெண்ணெய். கடைசியில், மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி மண்ணெண்ணெய் கலந்து ஆறவைத்த ஒரு களிம்பு. அதைப் பழைய பனியன் துணியில் தொட்டுச் சின்னச் சின்னதாகத் தேய்ப்பாள். அந்த மண்ணெண்ணெய் வாடையை எங்கே முகர்ந்தாலும் எனக்கு அவளுடைய கைதான் நினைவுக்கு வரும்.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. செய்வாள், கெடும், வேறு மாதிரிச் செய்வாள். முதல் தடவை களிம்பில் மண்ணெண்ணெய் கூடிப்போய்க் கார் முழுக்கப் பிசுபிசுத்தது. ஈக்கள் ஒட்டிக்கொண்டன. நானும் அவளும் அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் வந்த பிறகு சிரித்ததை நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

மெல்ல மெல்லக் கோடுகள் மறைந்தன. காரின் பக்கக் கதவு கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆயிற்று.

உங்களுக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்து லயத்தில் ஏது நிலைக்கண்ணாடி? முகம் பார்க்க உள்ளங்கை அகலத்தில் ஒன்று ஆணியில் தொங்கும். அதில் பொட்டு வைக்கலாம். மற்றபடி நம் அம்மாமார் தங்கள் கால்வரை ஒருசேரப் பார்த்துக்கொண்டதே இல்லை. எங்களுக்கு அடுத்த காம்பராவில் கல்யாணத்துக்கு நிச்சயித்த ஒரு அக்கா இருந்தாள். ஒரு நாள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் எங்கள் காரைக் கடந்தவள், இரண்டடி பின்னால் வந்து நின்றாள்.

"அத்தாச்சி, இது நானா?"

"பின்ன யாரு?" என்றாள் அத்தை.

"நான் இம்புட்டு ஒசரமா!"

முந்தானையை இழுத்துவிட்டாள். திரும்பி முதுகைப் பார்த்தாள். கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்து மறுபடியும் பார்த்தாள். பெரட்டுக்குப் பிந்திப்போய் அன்று கங்காணியிடம் ஏச்சு வாங்கினாளாம். அடுத்த நாள் இன்னும் இரண்டு பேரோடு வந்தாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. சாவுக் கார் என்று சொன்ன வாய்களெல்லாம் காலைப் பனியில் எங்கள் கார் முன்னால் நின்று, "நகருடி, எனக்கு எடம் விடு" என்று சிரித்தன. அத்தை அந்தப் பக்கக் கதவை அவர்களுக்காகவே முதலில் துடைத்து வைப்பாள்.

அம்மா மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. ஒரு மத்தியானம் யாருமில்லை என்று நினைத்து வந்து காரின் முன்னால் நின்றாள். நான் பின்சீட்டில் படுத்திருந்தேன். கையால் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். "இப்புடியா எளச்சிட்டேன்?" என்று தனக்குள் கேட்டாள். அவள் போகும்வரை நான் தலையைத் தூக்கவில்லை.

மார்கழியில் பதுளையிலிருந்து வந்த லொறிக்காரர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். மாமாவுக்குக் கோபமெல்லாம் ஆறிவிட்டதாம். அழைத்து வந்து விடச் சொன்னாராம். அப்பாவுக்கு நிம்மதி. "ஞாயித்துக்கெழம போவோம்" என்றார்.

"சரிங்கண்ணே" என்றாள் அத்தை.

சனிக்கிழமை முழுக்க அம்மா அதிரசம் சுட்டாள். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. வெல்லப்பாகு வாடையில் எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கென்று உடைந்த ஒன்றை மட்டும் தந்துவிட்டு, மற்றதையெல்லாம் வாழையிலை போட்டு ஒரு டின்னில் அடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். தன்னைத் திருப்பிக் கொண்டுபோய் விடப்போகிற காரை அவள் அன்று கழுவியதைப் போல அதற்கு முன் கழுவியதில்லை. ஒவ்வொரு கதவாக, கைப்பிடியாக, செம்மஞ்சள் கையின் இடுக்குவரை துடைத்தாள். நான் செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நின்றேன்.

அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "இன்னுமா முடியல?" என்று கேட்டுக்கொண்டே முகப்பைத் தூக்கி எண்ணெயையும் தண்ணீரையும் பார்த்தார். லொறிக்காரர் கைப்பழக்கம், எதையும் மெதுவாக மூடத் தெரியாது. முகப்பை அப்படியே மேலிருந்து விட்டார். தகரக் கொட்டகையே அதிர்ந்தது.

அத்தை சக்கரத்தின் அருகே தரையில் கிடந்தாள்.

விழவில்லை. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துச் சுருண்டிருந்தாள். அந்தத் துணி இன்னும் அவள் கைக்குள்ளேயே இருந்தது. அதிலிருந்து சோப்புத் தண்ணீர் அவள் கழுத்தில் சொட்டியது.

அப்பா அப்படியே நின்றார். சத்தத்துக்குப் பயந்தவர்கள் ஒரு நொடியில் நிமிர்ந்து சிரித்துவிடுவார்கள். அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். அது சிறுமியான எனக்கே புரிந்தது.

"ஏம்மா" என்றார் அப்பா. குரல் அவருடையது போலவே இல்லை. "அடிப்பாரா?"

அத்தை எழுந்தாள். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "வெயில் வந்துருச்சு அண்ணே. தொடைக்கலன்னா பொட்டு விழுந்துரும்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் துடைக்கத் தொடங்கினாள். துணி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்பா அவள் கையிலிருந்து துணியை வாங்கினார். மிச்சத்தை அவரே துடைத்தார். அம்மா அதிரச டின்னோடு வந்தவள், "என்னாங்க, உடுத்திக்கிட்டு நீங்க தொடைக்கிறீங்க?" என்று கேட்டாள். அப்பா துணியை உதறிக் காயப் போட்டார். "ஏறுங்க" என்றார்.

என்னையும் கூட்டிப் போனார்கள். தனியாகத் திரும்பி வரும்போது அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று. நானும் அத்தையும் பின்சீட்டில். ஹப்புத்தளையில் மூடுபனி. பதுளையில் வெயில். பசறைக்கு அப்புறம் ரோடெல்லாம் சேறு. அத்தை டின்னை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

லுணுகலையில் மாமாவின் கடை ஒரு இறக்கத்தில் இருந்தது. கடைக்குச் சற்று மேலேயே அப்பா காரை நிறுத்தினார். பற்றரி மோசம் என்பதால், உருட்டிக் கிளப்ப வசதியாக, எங்கே போனாலும் அவர் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார்.

மாமா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "வாங்க மச்சான், வாங்க! அடடே, பாப்பாவும் வந்திருக்கா. என்னா, சேத்துலயும் காரு இப்புடி மின்னுது?" காரின் கூரை விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்து அத்தையைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே, "என்னா, எறங்கலியா? வூட்டு வழி மறந்துருச்சா?" என்றார்.

"அவ இருக்கட்டும் மாப்ள" என்றார் அப்பா. பிறகு உடம்பை முழுதாகப் பின்பக்கம் திருப்பி அத்தையைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. எறங்குறியா, வேணாமா? ஒன் இஷ்டம்."

எங்கள் வீட்டில் ஒரு பெண்ணிடம் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தையும் கேட்டிருக்கமாட்டாள். டின்னைப் பார்த்தபடியே இருந்தாள். கடைக்குள்ளிருந்து யாரோ தேத்தண்ணி கேட்டுக் கூப்பிட்டார்கள்.

"வேணாம் அண்ணே" என்றாள்.

"என்னா மச்சான் இது!" மாமா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "பொம்பள பேச்சக் கேட்டுக்கிட்டு..." என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் கூரையை ஓங்கித் தட்டினார்.

அத்தை டின்னைத் தள்ளிவிட்டு, என் தலையை மடிக்குள் அழுத்தி என்மேல் கவிழ்ந்துகொண்டாள். எனக்கு வெளிச்சம் இல்லை. அவளுடைய நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் காதில் கேட்டது. அந்த இருட்டுக்குள் அப்பாவின் குரல் வந்தது.

"கைய எடுங்க."

"என்னாது?"

"காரு மேலருந்து கைய எடுங்க. அது என் தங்கச்சி கழுவுன காரு."

அப்பா பிரேக்கை விட்டார். இஞ்சின் சத்தமே இல்லாமல் கார் இறக்கத்தில் உருண்டது. தலையைத் தூக்கிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாமா ரோட்டின் நடுவே, தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாதவர் போல நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்போதுதான் அழிய ஆரம்பித்திருந்தது. வளைவு தாண்டியதும் இஞ்சின் உதறிக்கொண்டு பிடித்தது. அங்கிருந்து வேறொரு பாதையில் சுற்றித்தான் பசறை ரோட்டுக்கு ஏறினோம்.

அத்தையின் சாமான்கள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு டிரங்குப் பெட்டி, கல்யாணப் படம், அவள் அம்மா போட்டிருந்த வெள்ளிக் கொலுசு. எதுவும் திரும்பி வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டுப் பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவுக்கு உதவியாகச் சேர்ந்தாள் அத்தை. பிற்பாடு அவளே ஆயம்மாவாகி, அந்த மலையில் பிறந்த பாதிப் பேரைத் தொட்டிலில் ஆட்டினாள். மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு, "எனக்குப் புள்ளைங்களுக்கா பஞ்சம்?" என்பாள். அவள் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன.

லயத்தில் பேசினார்கள்தான். வாழாவெட்டி என்றார்கள், அண்ணன் கெடுத்துவிட்டார் என்றார்கள். லுணுகலை மாமாவின் நல்ல குணத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தவர்களும் உண்டு. அப்பா ஒருவரிடமும் காரணம் சொல்லவில்லை. தன் தங்கை தரையில் சுருண்டு கிடந்ததை ஊர் வாய்க்குக் கொடுக்க அவர் விரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

அன்று திரும்பி வரும் வழியில், பசறையைத் தாண்டி ஒரு மேட்டில் அப்பா காரை ஓரங்கட்டினார். எதிரே நமுனுகுல மலையில் பாதியை மேகம் மூடியிருந்தது. கீழே யாரோ கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். தோள் குலுங்கியது. அத்தை பின்னாலிருந்து கையை நீட்டி அவர் சட்டைக் கொலரைத் தொட்டாள்.

"பசிக்குது அண்ணே" என்றாள்.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "அந்த டின்னத் தொற."

சம்பந்தி வீட்டுக்கென்று சுட்ட அதிரசத்தை மூன்று பேரும் ரோட்டோரத்தில் நின்று தின்றோம். விரலெல்லாம் எண்ணெய். அத்தை காரைத் தொடாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடியே தின்றாள். அதைப் பார்த்து அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிரசம் நன்றாக ஊறி, ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாண வீடுகளில் தின்றிருக்கிறேன். அந்த ருசி வரவில்லை.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். ஜன்னல்வரை சேறு அப்பிய காரின் சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தாள். அப்பா இறங்கினார். நான் இறங்கினேன். மூன்றாவதாக அத்தை இறங்கியதும் அம்மாவின் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. எங்களுடைய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. என் கன்னத்தில் வெல்லம் ஒட்டியிருந்தது.

"பலகாரம் குடுத்தீங்களா?" என்றாள்.

"இல்ல" என்றார் அப்பா. "தின்னுட்டோம்."

அம்மா அத்தையைப் பார்த்தாள். கலைந்த தலை, வீங்கிய இமை, மண் படிந்த சேலை. நிறைய நேரம் பார்த்தாள்.

"அம்புட்டையுமா?" என்றாள் அம்மா. "சுட்டவளுக்கு ஒன்னு வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலியா?"

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து, வாழையிலையில் மடித்த ஒன்றை எடுத்து நீட்டினாள். அம்மா அதை வாங்கி வாசலிலேயே நின்று கடித்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "உள்ள வா. சேல மாத்து. என்னோடது கொடியில கெடக்கு" என்றாள்.